வஸ்லித் தாளில் இரண்டு மரபுகள்: ஷாஸியா சிக்கந்தர் வழியில் ஒரு நுண்ணோவியம் செய்வது எப்படி

லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஷாஸியா சிக்கந்தர் 1989இல் ஓர் ஓவியத்தைத் தொடங்கி 1990இல் முடித்தார். உயரம் ஓரடிக்குச் சற்று மேல், நீளம் ஐந்தடிக்குச் சற்று மேல். பெயர் 'தி ஸ்க்ரோல்', அதாவது சுருள். ஒரு வீட்டின் அறைகள் இடமிருந்து வலமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. வெள்ளுடுப்புப் பெண் ஒருத்தி முகத்தைக் காட்டாமல் அறை அறையாக நடக்கிறாள். கடைசியில் வெளியே வந்து, தன் உருவத்தையே தீட்டிக்கொண்டு நிற்கிறாள். சுவர்களும் தரைகளும் முகலாய, பாரசீக ஓவியங்களில் போலச் சாய்ந்து கிடக்கின்றன. வீடோ இன்றைய லாகூர் வீடு.

1969இல் லாகூரில் பிறந்த சிக்கந்தர், பஷீர் அகமதுவிடம் நுண்ணோவியம் கற்றார். பிறகு அமெரிக்கா போய் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைனில் 1995இல் முதுகலை முடித்தார். 2006இல் அமெரிக்காவின் மெக்ஆர்தர் அறக்கட்டளை தரும் நல்கையைப் பெற்றார். கிழக்கையும் மேற்கையும் கலக்கிறவர் என்று அவரைச் சொல்வது வழக்கம். அந்தக் கலவை எங்கே நடக்கிறது என்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு முகலாய இளவரசியையும் ஒரு கிரேக்கச் சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவிட்டால் கலவை வந்துவிடாது. அவர் படங்களில் அது தாளின் அடுக்குகளில் நடக்கிறது: எது அடியில் போகிறது, எது மேலே வருகிறது, எது மூடுகிறது, எது ஊடுருவித் தெரிகிறது என்பதில். அதனால் இந்த வழிகாட்டியும் தாளிலிருந்தே தொடங்குகிறது. முதல் படத்துக்கு 20 × 15 செ.மீ. போதும். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால்கூட ஒன்றரை மாதம் பிடிக்கும்.

வஸ்லி செய்தல்

வஸ்லி என்பது பல தாள்களைப் பசையால் ஒட்டி, மெருகேற்றிச் செய்யும் கெட்டித் தாள். ஜெய்ப்பூரிலும் லாகூரிலும் ஆயத்தமாகக் கிடைக்கும். ஆனாலும் ஒரு முறையாவது சொந்தமாகச் செய்துவிடுங்கள். எவ்வளவு தண்ணீரை இது தாங்கும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். பின்னால் அது மிகவும் தேவைப்படும்.

அமிலமில்லாத பருத்தித் தாள், 100 முதல் 120 ஜி.எஸ்.எம்., நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் அளவைவிட நான்கு பக்கமும் 4 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். நான்கு தாளின் இழையோட்டமும் ஒரே திசையில் இருக்க வேண்டும். தாளை மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது மடிப்புக்கோடு எந்தத் திசையில் விழுகிறதோ, இழையும் அந்தத் திசையில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் ஒட்டும் அவசரத்தில் குழப்பம் வராது. காய்ந்த வஸ்லி அப்பளம் மாதிரி முறுக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இழை மாறிப்போனதுதான் காரணம்.

பசைக்கு 100 கிராம் மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 700 மி.லி. தண்ணீர் ஆக்கி, இளந்தீயில் விடாமல் கிளறுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல வந்து, கரண்டியிலிருந்து பட்டையாக விழும்போது இறக்கிவிடலாம். மல் துணியில் வடிகட்டியே தீர வேண்டும். ஒரு சிறு கட்டி உள்ளே மாட்டிக்கொண்டால், மெருகேற்றும்போது அந்த இடம் மட்டும் பளபளத்துக் கறுத்து நிற்கும்.

பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய பட்டறைகளில் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். இந்த அளவுக்கு 1 கிராம் போதும். தனியாக வெந்நீரில் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேர்க்க வேண்டும். அது நஞ்சு. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். அலுமினியப் பாத்திரத்தை மயில்துத்தம் அரித்துவிடும், எனாமல் பாத்திரமே நல்லது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் மயில்துத்தத்தை விட்டுவிட்டு நான்கைந்து சொட்டுக் கிராம்புத் தைலம் விடுங்கள். அதன் காவல் அத்தனை காலம் நிற்காது, அவ்வளவுதான்.

முதல் தாளை ஈரத்துணியால் லேசாகத் தொட்டு, பசையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். இரண்டாம் தாளை ஒரு ஓரத்திலிருந்து இறக்கி, உள்ளங்கையால் காற்றை வெளியே தள்ளுங்கள். இப்படி நான்கும். பிறகு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையும் கனமும் ஏற்றுங்கள். முதல் நாள் மூன்று முறை உறிஞ்சுதாளை மாற்ற வேண்டும். மூன்று நாளில் காயும். மழைக்காலத்தில் ஐந்து நாளும் ஆகும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேல்தாள் முதலில் சுருங்கி, அடுக்குகள் பிரிந்துவிடும்.

காய்ந்ததும் மெருகு. வழவழப்பான கிரானைட் அல்லது பளிங்குப் பலகைமேல் தாளை வைத்து, அகேட் கல்லாலோ பெரிய சோழியின் முதுகாலோ சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு முழுச் சுற்று முடித்துவிட்டு, குறுக்கே இன்னொரு சுற்று. தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். திட்டுத்திட்டாக மின்னினால் இன்னும் வேலை இருக்கிறது. முழுப் பரப்பும் முட்டையோடு மாதிரி ஒரே மிதமாக மின்னினால் சரி. ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உடனே உள்ளே போகாமல் குமிழாக நிற்கவும் வேண்டும்.

தேநீர்க் கறை

சிக்கந்தரின் ஓவியங்களுக்குத் தரப்படும் பொருள்பட்டியலில் தேநீரும் இருக்கும். தாளின் வெள்ளையை அது தணிக்கிறது. மேலே வரும் எல்லா நிறத்தையும் ஒரே இளஞ்சூட்டில் இணைக்கிறது. 250 மி.லி. தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டித் தேயிலைத்தூள் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் இரண்டு முறை வடிகட்டி, முழுக்க ஆறவிடுங்கள். அகலமான மென்தூரிகையால் ஒரே திசையில் ஒரு பூச்சு. காய்ந்ததும் அடுத்த பூச்சு குறுக்கே. மூன்று முதல் ஐந்து பூச்சில் நல்ல நிறம் வரும். ஒரே தடவையில் அடர்த்தியாகப் பூசினால் ஓரங்களில் பழுப்புக் கோடு கட்டிக்கொள்ளும், அதைப் பிறகு எடுக்க முடியாது. எல்லாம் காய்ந்தபின் மறுபடி மெருகேற்றுங்கள், ஏனென்றால் ஈரம் பட்டதும் இழைகள் எழுந்து நிற்கும்.

மேற்கத்திய மைக்கழுவல் எங்கே வர வேண்டும்

பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். முகலாயப் பாணியில் பாடுபட்டு ஒரு படத்தை முடித்துவிட்டு, 'இப்போது கொஞ்சம் நவீனமாக' என்று மேலே மைக்கழுவல், அதாவது நிறைய நீர்த்த மையைப் பரவவிடும் பூச்சு, போடுவார்கள். நுண்ணோவிய நிறங்களைப் பிடித்து வைத்திருப்பது வேலம் பிசின். எத்தனை வருடம் காய்ந்தாலும் அது தண்ணீரில் கரையும். மேலே ஈரக் கழுவல் போனால் ஒரு மாத வேலை ஒரு நிமிடத்தில் சேறாகிவிடும். தண்ணீர் கூடிப்போனால் மைதாப் பசையும் இளகித் தாளே பிரியும்.

ஆகவே விரிந்து பரவுகிற, கையசைவு தெரிகிற மேற்கத்தியக் கழுவல் எதுவானாலும் தேநீர்க் கறைக்கு அடுத்து, நிறம் ஏறுமுன் வந்துவிட வேண்டும். தாளின் நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் பலகையில் இறுக்குங்கள். காய்ந்தால் கரையாத இந்தியன் இங்க்கை ஐந்து பங்கு தண்ணீரில் கலந்து, ஒரே தூரிகை வீச்சில் இழுங்கள். குளம் கட்டினால் உறிஞ்சுதாளின் முனையால் எடுத்துவிடுங்கள். காய்ந்ததும் மெருகு. இனி இந்தக் கழுவல் படத்தின் அடியில் நிரந்தரமாக இருக்கும். மேலே எங்கே ஒளிபுகா நிறம் பூசுகிறீர்கள், எங்கே விட்டுவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மறையும், வெளிப்படும்.

ரோட் ஐலண்டில் இருந்த ஆண்டுகளில் சிக்கந்தர் மையில் விரைவாகப் பல உருவங்கள் வரைந்தார். தலையில்லாத, கால்களுக்குப் பதில் வேர்கள் தொங்குகிற, தரையில் ஊன்றாமல் மிதக்கிற பெண் உருவம் அப்போது வந்ததுதான். நுண்ணோவியத்தில் மாதக்கணக்கில் அடக்கிய கை, மையில் திறந்துகொண்டது. பிறகு அதே உருவம் அவருடைய வஸ்லிகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது.

கோடு

ஓவியத்தை வஸ்லிமேல் நேராக வரைந்து அழிக்காதீர்கள். ரப்பர் பட்ட இடத்தில் மெருகு செத்துப்போகும். தனித்தாளில் வரைந்து திருத்தி, ட்ரேசிங் பேப்பரில் நகல் எடுங்கள். நகலின் கோட்டின்மேல் மெல்லிய ஊசியால் ஒரு மி.மீ. இடைவெளியில் துளைகள் போடுங்கள். வஸ்லிமேல் வைத்து, மல் துணியில் கட்டிய கரித்தூள் பொட்டலத்தால் மெல்லத் தட்டினால் புள்ளிக்கோடு இறங்கும். தேய்க்கக் கூடாது, தட்டத்தான் வேண்டும். நீர்த்த செங்காவியால் புள்ளிகளை இணைத்துவிட்டு, மிச்சக் கரியை இறகால் தட்டிவிடுங்கள்.

படத்தின் அமைப்பைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியத்தில் பார்ப்பவரின் கண் ஓரிடத்தில் நிற்கும். கோடுகள் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். முகலாய, பாரசீக ஓவியத்தில் கண் நடக்கும். தரை மேலிருந்து தெரியும், சுவர் எதிரிலிருந்து தெரியும், தூரத்தில் இருப்பது மேலே ஏறும். ஒரே அறைக்குள் இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் வரையத் தெரியாதவர் வரைந்தது போலத்தான் இருக்கும். அறையை ஒரு முறையிலும், அதனுள் வரும் ஒரே ஒரு பொருளை, ஒரு சன்னலையோ நாற்காலியையோ, மற்ற முறையிலும் வரையுங்கள். மோதல் ஓரிடத்தில் குவிந்தால்தான் கண்ணில் படும்.

நிறம்

தொடங்க ஐந்து நிறங்கள் போதும்: செங்காவி, மஞ்சள் காவி, அவுரி நீலம், விளக்குக்கரி, துத்தநாக வெள்ளை. பழைய ஓவியர்கள் அரிதாரம், சாதிலிங்கம், ஈய வெள்ளை எல்லாம் பயன்படுத்தினார்கள். அவற்றில் முறையே ஆர்செனிக், பாதரசம், ஈயம் இருக்கின்றன. வீட்டில் அரைக்கவே வேண்டாம். மற்றத் தூள்களை அரைக்கும்போதும் முகமூடி போடுங்கள்.

ஒரு பங்கு வேலம் பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்டுங்கள். சொரசொரப்பான கண்ணாடித் தட்டில் நிறத்தூளை முதலில் தண்ணீர் விட்டு விழுதாக அரைத்து, பிறகு பிசினைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, குழவியால் இருபது நிமிடமாவது அரைக்க வேண்டும். விழுதைத் தாளில் தடவிக் காயவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் தூள் ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளத்து மயிரிழை வெடிப்பு விட்டால் பிசின் அதிகம். லாகூர்ப் பட்டறைகளில் அரைத்த நிறத்தைக் கிளிஞ்சல் ஓட்டில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். குழிவான அந்த ஓட்டில் தூரிகை முனையைத் திருப்பிக் கூராக்குவது எளிது. அரைக்க நேரமில்லாதவர்கள் ட்யூபில் வரும் நீர்வண்ணமும் குவாஷ் என்ற ஒளிபுகா நீர்வண்ணமும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சிக்கந்தரே உலர்தூளோடு நீர்வண்ணத்தையும் சேர்த்துத்தான் வேலை செய்கிறார்.

வெள்ளை கலந்து ஒளிபுகாமல் பூசுவதைக் கட் ரங் என்றும், தாள் தெரிய மெல்லிய சாயமாக ஏற்றுவதை நீம் ரங் என்றும், கறுப்புக் கோட்டோவியத்தை ஸியா கலம் என்றும் சொல்வார்கள். அடிப்பூச்சைப் பால் பதத்துக்கு நீர்த்து இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்ததும் ஓவியத்தைப் பலகைமேல் குப்புறப் போட்டு முதுகுப்புறம் மெருகேற்றுங்கள். நிறம் தாளோடு அமுங்கிச் சமமாகும். தயிர்ப் பதத்தில் ஒரே பூச்சாகப் பூசினால் உரிந்து வரும்.

பர்தாக்த்

இந்தக் கலையின் உயிர் இது. ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. நீளமுள்ள கோடுகளைப் பக்கம் பக்கமாக, அடுக்கடுக்காகப் போட்டு நிழலும் திரட்சியும் வரவழைப்பதுதான் பர்தாக்த். அணில் வால் முடியில் தூரிகை கட்டுவது மரபு. இந்தியாவில் அணில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்த எண்ணமே வேண்டாம். 000 அளவுச் செயற்கை இழைத் தூரிகை, முனை ஒற்றை முடியாகக் கூடினால், போதுமானது. கடையில் வாங்கும்போது தண்ணீரில் நனைத்து உதறிப் பாருங்கள்; முனை இரண்டாகப் பிளந்தால் வேறு எடுங்கள்.

தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலில் பலகையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் தாளில் ஊன்ற வேண்டும், அதன் கீழே ஒரு சிறு துண்டுத் தாள் இருக்கட்டும். கைவியர்வை மெருகைக் கெடுக்கும். தூரிகையில் நிறம் எடுத்து, கிட்டத்தட்ட உலரும்வரை துணியில் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஈரம் அதிகமிருந்தால் கோட்டின் முடிவில் ஒரு சொட்டு நிற்கும், அடிநிறத்தையும் கரைக்கும். மூச்சை மெல்ல விடும்போது கோடு போடுங்கள்.

ஒரு கன்னத்தை எடுத்துக்கொள்வோம். அடிநிறம் காய்ந்திருக்கிறது. அதைவிட ஒரு படி மட்டும் அடர்ந்த செங்காவிக் கலவையால், காதோரத்திலிருந்து கன்னத்தின் வளைவைத் தொடர்ந்து கோடுகள் போடுங்கள். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை முந்தையதன் இடைவெளிகளில் விழ வேண்டும். மூன்று வரிசைக்குப் பிறகும் ஒன்றும் தெரியாது. அங்கேதான் பொறுமை போய், அடர்ந்த நிறத்துக்குத் தாவுவார்கள், கன்னத்தில் மீசை முளைத்த மாதிரி ஆகும். ஏழு, எட்டு வரிசையில் கன்னம் தானாகத் திரண்டு எழும். ஒரு சதுர அங்குலத்துக்குச் சில மணி நேரம் ஆகும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து தூரத்தைப் பாருங்கள், கண் அசந்துவிட்டால் கோடு தடிக்கும்.

இதிலும் மேற்கு எப்போதோ வந்து கலந்துவிட்டது. 1580இல் அக்பரின் ஃபதேபூர் சிக்ரி அவைக்கு ஜெசூட் பாதிரிமார் ஐரோப்பிய அச்சுச் செதுக்குப்படங்களைக் கொண்டுவந்தார்கள். 1600இல், வயது 13 ஆகும் முன்போ ஆன உடனேயோ, அபுல் ஹசன் என்ற சிறுவன் ஜெர்மானிய ஓவியர் ட்யூரரின் செதுக்குப்படத்திலிருந்த புனித யோவான் உருவத்தைப் பார்த்து வரைந்தான். அது இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அபுல் ஹசன் பின்னாளில் ஜஹாங்கீரின் முதன்மை ஓவியர்களில் ஒருவரானார். ஆகவே 'தூய கிழக்கு' ஒன்றைத் தேடி மேற்கிலிருந்து காப்பாற்ற வேண்டியதில்லை. செம்புத்தகட்டுச் செதுக்குப்படங்களில் வரும் கோட்டுநிழலையும் பர்தாக்தையும் அருகருகே வைத்து ஒரே துணிமடிப்பை இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் கோடு தெரிய வேண்டும், மற்றதில் மறைய வேண்டும்.

இரண்டு மரபும் சேரும் இடங்கள்

ஓர் உறுப்பைப் பிரித்தெடுப்பது ஒரு வழி. ராஜபுத்திர ஓவியங்களில் வரும் கோபியரின் கொண்டையை சிக்கந்தர் உடலிலிருந்து கழற்றி எடுத்தார். 2003இல் செய்த 'ஸ்பின்' என்ற அசைவூட்டப் படத்தில், அரசவை மண்டபத்தில் கூடும் கோபியரின் கூந்தல்கள் மட்டும் பிரிந்து பறவைக்கூட்டம் போலச் சுழல்கின்றன. செய்து பார்க்க: ஒரு கொண்டையின் வெளிக்கோட்டை மட்டும் நகலெடுங்கள், 8 மி.மீ. அளவுக்குச் சுருக்குங்கள். வேறு தாளில் அதை நாற்பது தடவை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பி, கறுப்பில் நிரப்புங்கள். சமமான இடைவெளி விட்டால் சேலைப் புட்டா ஆகிவிடும். நடுவில் நெருக்கி ஓரத்தில் சிதறவிடுங்கள். கையெட்டும் தூரத்தில் கொண்டையாகவும், பத்தடியில் பறவையாகவும் தெரிந்தால் வஸ்லிக்கு மாற்றலாம்.

இரண்டு உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது இன்னொன்று. 2001இல் வரைந்த 'ப்ளெஷர் பில்லர்ஸ்' படத்தில் ஆட்டுக்கடாக் கொம்புள்ள தன் முகத்தைச் சுற்றி மேற்கத்தியக் காதல் தெய்வமான வீனஸின் உடலையும் ஓர் இந்திய வானமங்கை உடலையும் தலையில்லாமல் நிறுத்துகிறார். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே கனம். யாரும் விருந்தாளி இல்லை. புதிதாகச் செய்பவர்கள் கிழக்கு உருவத்தைப் பர்தாக்தில் மெருகாகவும் மேற்கு உருவத்தை அவசரக் கோட்டிலும் போட்டுவிடுவதால் ஒன்று ஒட்டுப்படம் போல நிற்கும். இரண்டு உருவத்துக்கும் ஒரே அடிநிறம், ஒரே அளவு வரிசை பர்தாக்த் கொடுங்கள்.

முடிந்த படத்தின்மேல் வெள்ளைக் கோட்டில் ஓர் உருவத்தை மிதக்கவிடுவது மூன்றாவது வழி. இதற்குத் திருத்தம் கிடையாது. ஈரத்தூரிகையால் அழித்தால் அடிநிறமும் வரும். ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் வெள்ளை மார்க்கரால் வரைந்து, படத்தின்மேல் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பாருங்கள். இடம் முடிவானபின் கெட்டியான வெள்ளைக் குவாஷால் ஒரே இழுப்பு. அக்ரிலிக் வேண்டாம், மெருகேறிய பிசின் பரப்பில் அது தோல் மாதிரி உரிந்துவிடும்.

ஓரமும் சட்டகமும்

ஹாஷியா எனப்படும் ஓரத்தையும் படத்தின் பகுதியாகவே நினையுங்கள். ரூலிங் பேனாவால் ஒரு மெல்லிய, ஒரு தடித்த கோடு போட்டு, ஓரிடத்தில் மட்டும் உருவம் கோட்டைத் தாண்டி வெளியே வரட்டும். பல இடத்தில் தாண்டினால் ஓரம் இருப்பதே தெரியாது.

வார்னிஷ் பூசக் கூடாது. மெருகும் நிறமும் இருண்டுவிடும். கண்ணாடி தாளைத் தொடாதபடி அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்துச் சட்டமிடுங்கள். தேநீர்க் கறையும் அவுரியும் வெயிலில் வெளுக்கும், எனவே சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்குப் பிடித்த தீனி. மழைக்காலத்துக்கு முன் சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். வஸ்லியின் முதுகில், படம் இல்லாத ஓரத்தில், மென்பென்சிலால் தாளின் வகை, பசையில் சேர்த்தது மயில்துத்தமா கிராம்புத் தைலமா, தேநீர்ப் பூச்சு எத்தனை, எந்த மை என்று எழுதி வையுங்கள். நாளை பழுது பார்க்க வருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.